நெருப்புக்கு மேல் வறுத்த தூள் ஆகாது

1993 ஆம் ஆண்டு ஜூன் 27, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். எழுபத்திரண்டு துண்டு ஆட்டிறைச்சி, பன்னிரண்டு கம்பி, கம்பிக்கு ஆறு.

மகன், இறைச்சி மண்சட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது. நெருப்பு மூட்ட இன்னும் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருக்கின்றன. சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். அதனால் கரவெட்டியில், உன் அம்மா பிறந்த வீட்டின் பின்வளவில், கிணற்றுக் கட்டில் முதுகைச் சாய்த்து இருந்துகொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். உனக்கு இன்று பத்து மாதமும் ஆறு நாளும். உள்ளே ஏணையில் நித்திரை. இதை நீ வாசிக்கும்போது உனக்கு மீசை இருக்கும், என்னைவிட உயரமாக இருப்பாய், ஒருத்தியைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டாருக்கு முன்னால் உன் கெட்டித்தனத்தைக் காட்ட வெளிக்கிட்டிருப்பாய். அந்த நேரத்துக்குத்தான் இந்தக் கடிதம். நான் செய்த பிழையை நீ செய்யக்கூடாது. செய்துவிட்டால், அதற்குப் பிறகு நான் செய்வதை நீயும் செய்.

நேரே சொல்கிறேன். இன்று பின்னேரம் நான் உன் மாமாவைப் பழிவாங்கப் போகிறேன். உன் அம்மாவின் மூத்த தமையன், நான் அத்தான் என்று கூப்பிடும் மனிதர். நாளை விடியக் கிளாலிக்கு வெளிக்கிடுகிறார். படகில் கடலேரியைக் கடந்து கொழும்பு, அங்கிருந்து கனடா. இன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொடுத்து வழியனுப்புகிறார்கள். ஒரு வருடமும் ஏழு மாதமும் முன்பு இதே வளவில் எனக்கு ஒரு பெயர் வைத்தார். வைத்த வாயாலேயே அதை எடுக்க வேண்டும், அன்றைக்குச் சிரித்த அதே ஆட்களுக்கு முன்னால் எடுக்க வேண்டும். அவர் போய்விட்டால் பெயர் இங்கேயே நின்றுவிடும். எனக்கு அது பிரச்சினை இல்லை என்று நான் பொய் சொல்லலாம். உனக்குப் பிரச்சினை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் தீபாவளி வந்தது. இந்த ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து தீபாவளிக்கு ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாவற்றையும் சரிசமமாகப் பிரித்து ஓலையில் கூறு வைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பங்கைக் கறியாக்க உன் அம்மம்மா சட்டியை எடுத்தபோது நான் மறித்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு படித்த ஒருவன் மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு லீவில் வந்து, அங்கே இறைச்சியைக் கம்பியில் கோத்துக் கரியில் சுடுகிறார்கள், அப்படி ஒரு ருசியை இஞ்சை ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம் என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்திருந்தான். எனக்கு அந்தக் கதையே போதும். நான் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவன், டிப்ளோமாக்காரன். வெப்பத்தையும் அமுக்கத்தையும் உராய்வையும் படித்தவனுக்கு ஒரு ஆட்டுத் துடை பெரிய வேலையா என்று நினைத்தேன். அன்றைக்கு என் தலையில் கனம் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பெண் வீட்டாருக்கு முன்னால் அந்தக் கனத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்க எந்த மாப்பிள்ளையால் முடியும்.

செய்தது இதுதான். இறைச்சியை வெட்டி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு, வீட்டுத் தூளில் மூன்று மேசைக்கரண்டி அள்ளிப் பிரட்டினேன். மகன், இந்த இடத்தை இரண்டு தரம் வாசி. எங்கள் தூள் எப்படி வருகிறது என்று உனக்குத் தெரியும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, இரண்டு வகைச் சீரகம், கறிவேப்பிலை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சட்டியில் வறுத்து, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கருகும் என்ற இடத்தில் இறக்கி, பிறகுதான் உரலுக்குள் போடுகிறோம். அது ஏற்கெனவே ஒருமுறை நெருப்பைக் கண்டு, எல்லையில் நின்று திரும்பி வந்த பொருள். அதைக் கறிக்குள் போடலாம். தண்ணீர் இருக்கும் இடத்தில் சூடு நூறு பாகைக்கு மேலே போகாது, தூள் பிழைத்துக்கொள்ளும். கரி நெருப்புக்கு மேல் தண்ணீர் இல்லை. அங்கே சூடு முந்நூறைத் தாண்டும். எல்லையில் நின்ற தூள் அந்தப் பக்கம் விழுந்துவிடும். கம்பியில் இறைச்சி சுடுகிற மற்ற ஊர்க்காரர் எவரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள், அவர்களிடம் இருப்பது பச்சைத் தூள். எங்களுக்கோ தூள் என்றால் ஒன்றுதான். சொதியைத் தவிர எல்லாவற்றுக்கும் அதைத்தான் அள்ளுகிறோம், கை தானாகப் போகிறது. போதாததற்கு நான் கரிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, அந்த மணம் போக முன்னமே கம்பியை வைத்தேன். எனக்குப் பொறுமை இல்லை. இதுவும் உன் இரத்தத்தில் இருக்கும், கவனம்.

ஐந்து நிமிடத்தில் துண்டெல்லாம் கரிக்கட்டை. வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. புகை வேலியைத் தாண்டி ஒழுங்கைக்குப் போனது. முன்வீட்டுக் கந்தையர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன மணமிது, ஆரும் மோசம் போட்டினமோ?" என்று கேட்டார். உன் மாமா கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

"இல்லையண்ணை, எங்கடை மாப்பிளை சுடலைக்கு நெருப்பு வைச்சிருக்கிறார். வாருங்கோ, வந்து ஒருக்கா முகம் பாத்திட்டுப் போங்கோ."

பதினான்கு பேர் இருந்தார்கள். பதினான்கு பேரும் சிரித்தார்கள். மாமா எழும்பி வந்து ஒரு துண்டை வாயில் வைத்தார், கடித்தார், திரும்ப எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, உதுக்கு எட்டாம் நாள் செலவும் செய்யவேணுமோ, இல்லாட்டி இண்டையோடை சரியோ?"

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தால் உனக்குப் பிரயோசனம் இல்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். உன் அம்மா தட்டத்தோடு பக்கத்தில் நின்றாள். அவளைக் காட்டி, "என்னைக் கேட்டு என்ன செய்யிறது, பதம் தெரியாமல் தூளை வறுத்தவவைக் கேளுங்கோ" என்றேன். சிரிப்பு நின்றது. உன் அம்மா தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. இறைச்சி கருகிய கவலையில் எனக்கு அது பெரிதாகப் படவுமில்லை.

பெயர் மட்டும் ஓடத் தொடங்கியது. சுடலை. சுடலை மாப்பிள்ளை. பாண்காரன் வாசலில் மணி அடித்து, "சுடலை வீட்டுக்கு எத்தினை றாத்தல்?" என்று கேட்டான். நான் மானிப்பாயில் வேலை செய்கிறேன், இங்கிருந்து சைக்கிளில் இரண்டரை மணித்தியாலம். அங்கே வராது என்று நினைத்தேன். வடமராட்சியிலிருந்து பம்ப் கொண்டுவந்த ஒரு தோட்டக்காரர் கடை வாசலில் நின்று, "சுடலை மாப்பிளை எண்டு ஒராள் வடிவா வேலை செய்வாராம், அது ஆர்?" என்றார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கு அது பெயர், பகிடி இல்லை. அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஏன் பயம் என்று சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு பட்டம் வைத்தவரோடும் போகாது, வாங்கினவரோடும் போகாது. ஒழுங்கை முடக்கில் ஒரு வாத்தியார் இருக்கிறார், நண்டு வாத்தியார். மனிதர் நண்டு தொட்டே அறியாத சுத்த சைவம். அவருடைய பூட்டனார் யாரோ ஒருநாள் சந்தையில் நண்டு கடித்துக் கத்தினாராம். ஐந்தாவது தலைமுறை இப்போது பள்ளிக்கூடத்தில் அடிவாங்குகிறது, நண்டுக்குஞ்சு என்று. உனக்கு நாங்கள் பஞ்சாங்கம் பார்த்து, எழுத்துப் பார்த்து ஒரு பெயர் வைத்தோம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த உன் மாமா, உன்னை இரண்டு கையாலும் தூக்கி, வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால், "வாடா, சுடலையின்ரை மோனே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அது வாயுவாக இருக்கலாம். என்னைச் சொன்னபோது எனக்கு வெட்கம். உன்னைச் சொன்னபோது எழும்பிப் போய் உன்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எடுத்த முடிவு இது: அந்த மனிதரை என் கையால் சுட்ட இறைச்சியைத் தின்னவைத்து, தின்ற வாயால் பெயரைத் திருப்பி வாங்குவேன்.

பழிவாங்குவது என்று இறங்கினால் சரியாகச் செய்ய வேண்டும், மகன். கொப்பி ஒன்று வாங்கித் திகதி போட்டு எழுதினேன். மொத்தம் பதினேழு பரிசோதனை. இறைச்சி கிடைக்கிற காலம் இல்லை, ஆகவே முதல் ஆறையும் வாழைக்காயில் செய்தேன். பூச்சு எரிகிறதா என்று பார்க்க இறைச்சி தேவையில்லை, வாழைக்காய்த் துண்டில் பூசிக் கரிக்கு மேல் பிடித்தால் தெரிந்துவிடும். ஆனாலும் எது எரிகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உப்பைக் குறைத்தேன், புளியைக் கூட்டினேன், கம்பியை உயர்த்தினேன். தூள் ஏற்கெனவே வறுத்தது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கடையில் என்னோடு வேலை செய்கிற மரியதாஸ், குருநகர்க்காரன், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என் வாழைக்காயை முகர்ந்து பார்த்தான்.

"உதுக்குள்ளை என்ன போட்டனீ?"

"தூள்."

"வறுத்த தூளோ? எடேய், டிப்ளோமா, ஒருக்கா வறுத்ததைத் திரும்ப நெருப்புக்கு மேலை வெச்சு எரிக்கிறியோ? பச்சையா அரைச்சுப் போடு. வினாகிரியிலை அரை. நாங்கள் பண்டி இறைச்சிக்கு அப்பிடித்தான்."

மாதக்கணக்காக நான் தேடியதை அவன் முகர்ந்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு முழுக்க அவனோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் அவனே ஒரு போத்தல் கள்ளு வினாகிரி, புளித்துக் காடியான கள்ளு, கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

அடுத்த தோல்வி பப்பாசி. எங்கள் ஆடு வேலி வேலியாக ஓடித் தின்கிற ஆடு, இறைச்சி இறுக்கம். பப்பாசிக்காயைத் தோலோடு அரைத்துச் சேர்த்தால் மெதுவாகும் என்று தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதல் நாள் பின்னேரமே பிரட்டி விடியும்வரை விட்டேன். காலையில் கம்பியில் கோக்கப் போனால் துண்டெல்லாம் களி. மிச்சத்தைக் கரிக்கு மேல் வைத்தேன், ஒவ்வொன்றாக நழுவி நெருப்புக்குள் விழுந்தது. உன் அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இண்டைக்குச் சாம்பலும் அள்ளப் போறீங்களோ?" என்றாள். அவளும் உன் மாமாவின் தங்கைதான், மறந்துவிடாதே.

இனிச் சரியான முறை. இதை எழுதத்தான் இருந்தேன், கோபம் கதையை நீட்டிவிட்டது. ஆட்டின் பின்துடை, எலும்பும் சவ்வும் நீக்கி, ஒன்றேகால் அங்குலத் துண்டு. சின்னதாக வெட்டினால் காயும், பெரிதாக வெட்டினால் உள்ளே வேகாது. இரண்டு கிலோவுக்கு இருபது செத்தல் மிளகாயை விதை தட்டிக் கள்ளு வினாகிரியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, நாலு மேசைக்கரண்டி பச்சை மல்லி, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு உள்ளிப்பூண்டு முழுதாக, பெருவிரல் அளவு இஞ்சி, கொஞ்சம் மஞ்சள், எல்லாம் பச்சையாக அம்மியில் வெண்ணெய் மாதிரி அரை. ஒன்றையும் வறுக்காதே. இதோடு தோலோடு அரைத்த பப்பாசிக்காய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, கடைசியாக நல்லெண்ணெய், அரிசி அளக்கும் சுண்டால் ஒன்று. எண்ணெய் முதலே போனால் உப்பு உள்ளே இறங்காது. மூன்றரை மணித்தியாலம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். சிரட்டைக் கரி, மண்ணெண்ணெய் இல்லாமல் பன்னாடையால் மூட்டு, கரிக்கு மேல் வெள்ளைச் சாம்பல் படரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில். எனக்கு அதுதான் கஷ்டமான வேலை. ஒரு சாண் உயரத்தில் கம்பி, நாலு பக்கமும் திருப்பு, கறிவேப்பிலைக் கொத்தால் எண்ணெய் தொட்டுத் தடவு. நாகம், அதாவது துத்தநாகம், பூசிய கம்பியைத் தொடாதே, சூட்டில் அதன் புகை நஞ்சு. நான் பம்ப் கடையில் கிடந்த துருப்பிடிக்காத கம்பியை வெட்டித் தீட்டி எடுத்தேன்.

தொட்டுக்கொள்ள ஒரு குழம்பு வேண்டும், அங்கேதான் வறுத்த தூளுக்கு இடம். சின்ன வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, பழப்புளிக் கரைசலை விட்டு, கொதித்து வரும்போது உன் அம்மாவின் தூள் இரண்டு தேக்கரண்டி, வற்றி இறுகும்போது பனங்கட்டி ஒரு துண்டு. பனங்கட்டியை இறைச்சியில் பூசாதே, இனிப்பு எதுவும் கரிக்கு மேல் முதலில் கருகும். தனியாகக் கிண்ணத்தில் வை, சுட்ட பிறகு தோய்க்கட்டும்.

மணி நாலாகப் போகிறது. சோழகக் காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, புகை இன்றைக்குக் கந்தையர் வீட்டுப் பக்கம் போகாது. உன் மாமா கதிரையை முன்னமே கொண்டுவந்து அடுப்புக்கு நேரே போட்டுவிட்டார். காலை நீட்டி இருந்துகொண்டு கேட்கிறார்: "தம்பி, ஐயருக்குச் சொல்லியாச்சோ?" சொல்லட்டும். இன்னும் நாற்பது நிமிடம் அவர் சிரிக்கலாம்.

திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால்.

எழுபத்திரண்டு துண்டில் ஒன்றும் மிஞ்சவில்லை, மரியதாசுக்கென்று நான் ஒளித்து வைத்த ஒரு கம்பியைத் தவிர. முதல் கம்பியை உன் மாமாவுக்குத்தான் கொடுத்தேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கறுப்புத் தேடினார். வாயில் வைத்தார். பகிடி வரும் என்று எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை. இரண்டாவது துண்டைக் குழம்பில் தோய்த்தார். ஆறும் முடிந்த பிறகு வெறும் கம்பியை என்னிடம் நீட்டி, "இன்னொண்டு" என்றார். மகன், அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த சந்தோசத்தை எழுதினால் நீ என்னைக் கெட்டவன் என்று நினைப்பாய், ஆகவே விடுகிறேன். நான் காத்துக்கொண்டு நின்றது அடுத்ததற்கு.

அடுத்ததுதான் பிழைத்துப் போனது. கந்தையர் விரலை நக்கிக்கொண்டு, "சுடலை இறைச்சி இப்பிடி இருக்குமெண்டு தெரிஞ்சிருந்தால் நான் அண்டைக்கே செத்து விழுந்திருப்பன்" என்றார். மறுபக்கத்திலிருந்து ஒருவர், "சுடலை, இஞ்சாலையும் ஒரு கம்பி தாரும்." நண்டு வாத்தியார் சைவம், பனங்கட்டிக் குழம்பில் மட்டும் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "சுடலைக் குழம்பு திறம்" என்றார். கடைசியில் உன் மாமா எழும்பி நின்று கையைத் தட்டினார். இப்போது எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் கேளுங்கோ. நான் நாளைக்குப் போயிடுவன். இனி இந்த ஊரிலை ஆரும் சுடலை எண்டு சொல்லேக்கை மரியாதையாச் சொல்லவேணும்."

கைதட்டினார்கள். அவ்வளவுதான். பகிடியாக இருந்த பெயரை நான் என் கையாலேயே பட்டமாக்கிவிட்டேன். இறைச்சி கருகியிருந்தால் ஒருவேளை பத்து வருடத்தில் மறந்திருப்பார்கள். இனி மறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வந்து என் தோளில் கையைப் போட்டு, "உதை ஒருக்கா எழுதித் தாரும் தம்பி. அங்கை தனிச் சமையல்தானே. நாலு பேரைக் கூப்பிட்டு ஒருநாளைக்குச் சுடுவம்" என்றார்.

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். துண்டின் அளவு சரியாக எழுதினேன். நேரம் சரி, பப்பாசி சரி, எண்ணெய் சரி, கரியின் உயரம் சரி. மிளகாயையும் மல்லியையும் பச்சையாக அரைக்கச் சொல்லும் இடத்தில், வீட்டுத் தூள் நாலு மேசைக்கரண்டி என்று எழுதினேன். அவருடைய பெட்டிக்குள் உன் அம்மா வறுத்து இடித்துக் கட்டிவைத்த தூள் இரண்டு கிலோ இருக்கிறது. அவர் வாசித்தார், தலையாட்டினார், நாலாக மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்தார். கனடாவில் நாலு பேருக்கு முன்னால் புகை எழும்பும்போது அவருடைய முகத்தை நான் இங்கிருந்தே பார்த்தேன்.

பிறகு கை கழுவக் கிணற்றடிக்கு வந்தார். நான் வாளியால் ஊற்றினேன்.

"உம்மோடை எனக்குக் கோவம் இருந்தது, தம்பி. இறைச்சிக்கில்லை."

"பின்னை என்னத்துக்கு?"

"அண்டைக்குப் பதினாலு பேருக்கு முன்னாலை என்ரை தங்கச்சியிலை பிழையைப் போட்டீர். அவள் அந்தத் தூள் வறுக்க விடிய நாலு மணிக்கு எழும்பினவள். எனக்கு உமக்கு ஒண்டு தரவேணும் போலை கிடந்தது. வீட்டு மாப்பிளைக்குக் கை ஓங்கேலாது. அதுதான் பேரை ஊருக்குள்ளை விட்டிட்டன்."

வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன். பகிடி அதற்கு முன்னமே வந்துவிட்டது என்று அவரோடு தர்க்கிக்கலாம். ஆனால் பகிடி ஒரு பின்னேரத்தோடு போயிருக்கும். அதை மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊர் முழுக்க அவர் கொண்டுதிரிந்ததற்குக் காரணம் நான் சொன்ன அந்த ஒரு வசனம். அதை நான் ஒரு வருடமும் ஏழு மாதமும் யோசித்துப் பார்க்கவில்லை.

"என்ரை பொடியன் என்ன பிழை விட்டவன்?" என்று கேட்டேன்.

அவர் கையை உதறினார். "அது பிழைதான். வாய் பழகிப் போச்சு."

பாஸ்போட் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. தாளைத் தாருங்கோ, ஒரு திருத்தம் இருக்கு என்று கேட்டிருக்கலாம். இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினேன். கேட்கவில்லை.

இன்று விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டார். எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாக உன்னைத் தூக்கினார். உன் கழுத்துக்குள் முகத்தை வைத்து, "போட்டு வாறன், சுடலையின்ரை மோனே" என்றார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அழுதார். நீ அவருடைய மூக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். சைக்கிள் முடக்கில் மறைந்த பிறகு உன் அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"அண்ணைக்கு என்ன தூள் எழுதிக் குடுத்தனீங்கள்?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ராத்திரிச் சாப்பிடேக்கை வாசிச்சுக் காட்டினவர். நாலு மேசைக்கரண்டி வீட்டுத் தூளாம்."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

உன்னை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "என்ரை பிள்ளைக்கும் அவர்தானே அந்தப் பேரை வைச்சவர். ஒருக்காக் கருகட்டும் எண்டு விட்டிட்டன். ஆனால் தனிச்சுக் கிடக்கிற மனிசன்ரை சாப்பாட்டிலை வஞ்சம் வைச்சுக்கொண்டு இருக்கேலாது. விலாசம் வரட்டும், நான் எழுதிப் போடுவன்."

"எழுதும்" என்றேன்.

"என்னிலை பிழையைப் போட்டதுக்கு நீங்கள் என்ன எழுதப் போறீங்கள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பதிலுக்கு நிற்கவில்லை. அவள் கேட்டதற்கும் சேர்த்து, இனி நான் செய்யப் போவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. வருகிற தீபாவளிக்கு இதே வளவில், அன்றைக்கு இருந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருக்கும் பதின்மூன்று பேரையும் கூப்பிட்டு வைத்து, தூளில் பிழை இருக்கவில்லை, வறுத்தவளிலும் பிழை இருக்கவில்லை, பிழை என்னுடையது என்று சொல்வேன். ஆட்களுக்கு முன்னால் சொன்னதை ஆட்களுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். உன் மாமா செய்யாததை நான் செய்து காட்டுவேன்.

2. மரியதாசுக்கு வைத்த கம்பியை இன்று மத்தியானத்துக்குள் மானிப்பாய் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் அவனோடு கதைக்காமல் இருந்ததற்கும் அது சரியாகிவிடும்.

3. நீ கதைக்கத் தொடங்கியதும், உன்னை எவராவது சுடலையின்ரை மோன் என்று கூப்பிட்டால், "ஓம், அப்பாவின்ரை இறைச்சி சாப்பிட்டனீங்களோ?" என்று திருப்பிக் கேட்கப் பழக்குவேன். சாப்பிடாதவன் என்றால் அவனுக்குப் பங்கில்லை.

4. உன் அம்மா கனடாவுக்குத் திருத்தம் எழுதுவதை மறிக்க மாட்டேன். பேனையும் தாளும் நானே எடுத்துக் கொடுப்பேன். நான் எழுத மாட்டேன்.

5. அந்தக் கடிதத்தைத் தபால் கந்தோருக்கு வேறு எவரிடமும் கொடுத்து அனுப்பாமல் நானே கொண்டுபோவேன். சைக்கிளில் போகமாட்டேன். மெதுவாக நடந்து போவேன். அதற்குள் உன் மாமா அங்கே ஒருமுறை அடுப்பு மூட்டியிருப்பார்.